எழுத்தும் ஜீவனமும்

1

எழுதிப் பிழைக்க முடியுமா என்ற கேள்வியை நம் வட்டத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்பது ஒருவித அநாகரிகம் என்று நினைப்பு. நம்மில் அநேகம் பேர் வங்கியிலோ தபால் இலாகாவிலோ கல்லூரியிலோ இருந்துகொண்டு எழுதுகிறவர்கள். மாதக் கடைசியில் சம்பளம் கணக்கில் விழுந்துவிடுகிறது. எழுத்துக்குப் பணம் வாங்காததை ஓர் ஒழுக்கமாகவே பாவித்து வருகிறோம். வாங்குகிறவனைச் சற்று இளப்பமாகப் பார்க்கவும் பழகிவிட்டோம். இந்த ஒழுக்கம் எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பது என் உத்தேசம். அதற்கு, நமக்கு நேர் எதிர்த் திசையில் போனவர்களின் சரித்திரம் உதவும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலை போனபின்போ வேலையை விட்டுவிட்டோ, வலைப்பதிவு எழுதியே முழு ஜீவனம் நடத்தப் புறப்பட்ட சிலரைச் சொல்கிறேன். அநேகமாக எல்லாம் அமெரிக்காவில் நடந்த கதை.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் நானும் அந்த வழியில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

2

இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பதைப் புது யுகத்தின் அதிசயமாகப் பேசுகிறார்கள். அதில் பாதிதான் புதிது. மீதிப் பாதி பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் நடந்து முடிந்துவிட்டது.

அலெக்ஸாண்டர் போப் ஹோமரின் இலியத்தை மொழிபெயர்த்து 1715க்கும் 1720க்கும் இடையே ஆறு பாகங்களாக வெளியிட்டார். புத்தகம் வருமுன்பே பணம் கட்ட ஒப்புக்கொண்டவர்கள் ஐந்நூறுக்கும் மேல். அவர்கள் பெயர்ப் பட்டியல் புத்தகத்திலேயே அச்சாயிற்று. போப்புக்குக் கிடைத்தது சுமார் 5,000 பவுன். ஆங்கிலத்தில் ஒரு கவி, பிரபுவின் வீட்டு வாசலில் நிற்காமல், வாசகர்களின் முன்பணத்தில் வசதியாக வாழ முடியும் என்பது முதன்முறையாக நிரூபணமாயிற்று. நம் ஊரிலும் இந்த வழக்கம் உண்டு. அதற்குக் ‘கையொப்பம்’ என்று பெயர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இப்படிக் கையொப்பம் சேகரித்துத்தான்.

ஸாமுவேல் ஜான்ஸனின் கதை வேறு. அவர் புத்தக வியாபாரிகளை நம்பினார். 1746இல் அகராதிக்கு ஒப்பந்தமான தொகை 1,500 கினி. உதவியாளர்களின் கூலியும் அதற்குள்தான். அகராதி வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1750 மார்ச்சிலிருந்து 1752 மார்ச் வரை, ‘ராம்ப்ளர்’ என்ற தாளை வாரம் இருமுறை எழுதினார். மொத்தம் 208 இதழ்கள். இதழுக்கு 2 கினி. இன்றைய வலைப்பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடியை நான் அறியேன். அநேகமாக ஒரே ஆள் எழுதியது, நாள் தவறக்கூடாது, விஷயம் எதுவாகவும் இருக்கலாம், எழுதினால்தான் சாப்பாடு. விற்றது சராசரியாக ஐந்நூறு பிரதிக்கும் குறைவு. இந்த எண்ணை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பத்திரிகைகளின் எண்ணும் இதுதான்.

1755இல் அகராதி வெளிவரவிருந்த சமயம், தேவைப்பட்ட காலத்தில் திரும்பியும் பாராத செஸ்டர்ஃபீல்ட் பிரபு அதைப் பாராட்டி எழுத, ஜான்ஸன் அவருக்கு அனுப்பிய கடிதத்தைப் புரவலர் யுகத்தின் மரண ஓலை என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. மறுவருஷமே ஜான்ஸன் ஆறு பவுனுக்கும் குறைவான கடனுக்காகக் கைதானதையும், நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் பணம் அனுப்பி மீட்டதையும் அவை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. 1762இல் அரசர் வருஷத்துக்கு 300 பவுன் மானியம் கொடுத்தார். தம் அகராதியில் மானியம் என்ற சொல்லுக்கு ஏளனமாகப் பொருள் எழுதியிருந்த ஜான்ஸன் அதைப் பெற்றுக்கொண்டார். அதன் பிறகு வெகுகாலம் அவர் முன்போல எழுதவில்லை. பசி இல்லாததால் எழுதவில்லை என்று இதைச் சுருக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரம் இருமுறை தனக்காகக் காத்திருக்கும் யாரோ ஒருவரை நோக்கி எழுதும் கட்டாயம் அவரை விட்டுப் போயிற்று. பணத்தோடு அதுவும் சேர்ந்தே வந்திருக்கிறது, சேர்ந்தே போயிருக்கிறது.

3

அதே 300 பவுன் இன்னொரு முறை, 1922இல், ஒரு வங்கி ஊழியருக்காகப் பேசப்பட்டது. டி.எஸ். எலியட் 1917இல் லாய்ட்ஸ் வங்கியின் அயல்நாட்டுப் பிரிவில் வருஷம் 120 பவுன் சம்பளத்தில் சேர்ந்தவர். 1921 இறுதியில் நரம்புத் தளர்ச்சிக்காக வங்கி அவருக்கு மூன்று மாத விடுப்புக் கொடுத்தது. ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையின் பெரும்பகுதி உருவானது அந்த விடுப்பில். விடுப்பு முடிந்து அவர் மறுபடி வங்கிக்குப் போனதை எஸ்ரா பவுண்டால் பொறுக்க முடியவில்லை. ஆளுக்கு வருஷம் 10 பவுன் வீதம் முப்பது பேர் கொடுத்தால் எலியட்டை வங்கியிலிருந்து விடுவித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். திட்டத்துக்கு ‘பெல் எஸ்ப்ரி’ என்று பெயர். சுற்றறிக்கை அச்சடித்து அனுப்பினார்.

எலியட் சங்கடப்பட்டார். முப்பது பேரும் ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வீட்டில் மனைவி நோயாளி. அந்த வருஷ நவம்பரில் லிவர்பூல் பத்திரிகை ஒன்று, 800 பவுன் வசூலானதாகவும் அதை வாங்கிக்கொண்டு எலியட் வங்கியிலேயே இருந்துவிட்டதாகவும் செய்தி போட்டது. பொய்ச் செய்தி. எலியட் மறுப்புக் கேட்டார், போட்டார்கள். திட்டம் நிறைவேறவில்லை. 1925 வரை வங்கியில் இருந்துவிட்டுப் பதிப்பகத்துக்குப் போனார். அதுவும் ஓர் உத்தியோகம்தான்.

எலியட் தேர்ந்தெடுத்தது பாதுகாப்பை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சங்கடத்துக்குள் இன்னொன்றும் இருக்கிறது. பெயர் தெரிந்த முப்பது பேர் தன் வாழ்க்கைக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்றால், அடுத்த கவிதையை எழுதும்போது அந்த முப்பது முகங்களும் அறையில் இருக்கும். லாய்ட்ஸ் வங்கிக்கு அவருடைய கவிதை பற்றி எந்த அபிப்பிராயமும் தேவைப்படவில்லை.

4

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். 2005 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஜேஸன் காட்கி என்ற வலைவடிவமைப்பாளர் வேலையை விட்டார். 1998 முதல் தன் பெயரிலேயே வலைப்பதிவு நடத்தி வந்தவர். கண்ணில் பட்ட நல்ல விஷயங்களைச் சுட்டி, இரண்டு மூன்று வரி எழுதுவார், அவ்வளவுதான். இனி இதையே முழுநேரமும் செய்யப் போகிறேன், விளம்பரம் போட மாட்டேன், விருப்பமிருப்பவர்கள் ஏதாவது கொடுங்கள், 30 டாலர் கொடுத்தால் நல்லது என்று வாசகர்களிடம் சொன்னார். இவர்களைக் குறும்புரவலர் என்ற பொருளில் அழைத்தார். பவுண்டின் திட்டம் எண்பத்து மூன்று வருஷம் கழித்து மறுபடி முளைத்தது. இந்தத் தடவை கவிக்கும் கொடுப்பவனுக்கும் நடுவே பவுண்ட் தேவைப்படவில்லை.

ஒரு வருஷத்தில் 1,450 பேர் கொடுத்தார்கள். தொகை 39,900 டாலர். சராசரி 27 டாலர் சொச்சம். ஒரு மனிதன் ஒரு வருஷம் நியூயார்க்கில் சிக்கனமாக வாழலாம். ஆனால் இதில் மிகப் பெரும்பகுதி முதல் மூன்று வாரங்களிலேயே வந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. கேட்டபோது கொடுத்தார்கள், கேட்காத நாட்களில் வாசித்தார்கள். மறுவருஷம் காட்கி மறுபடி கேட்கவில்லை. கொடுத்தவர்களே மறுபடி கொடுக்க வேண்டும், இல்லையேல் புதியவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டுக்கும் எழுதுகிறவன் தன்னையே விடாமல் விற்றுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அவர் ஒரு சிறிய விளம்பரக் கூட்டமைப்பில் சேர்ந்தார். 2016 இறுதியில் வாசகர் சந்தாவுக்குத் திரும்பினார். 2022இல் பல மாதங்கள் எழுதாமல் ஓய்வெடுத்தார். சந்தாக்காரர்கள் பெரும்பாலோர் பொறுத்திருந்தார்கள். இந்தச் சரித்திரத்தில் அபூர்வமாக நல்லவிதமாகப் போன கதை இது. அதற்குப் பதினெட்டு வருஷப் பழக்கம் தேவைப்பட்டது.

5

காட்கி மறுத்த விளம்பரம்தான் மற்றவர்களின் பிழைப்பாயிற்று. 2003 பிப்ரவரியில் கூகுள் ‘பிளாகர்’ நிறுவனத்தை வாங்கியது. அதே வருஷம் ஜூனில் ‘ஆட்ஸென்ஸ்’ வந்தது. இதன் இயக்கம் எளிது. எழுதுகிறவன் தன் பக்கத்தில் இடம் விட்டுவைக்கிறான். பக்கத்திலுள்ள சொற்களைப் படித்து ஒரு யந்திரம் பொருத்தமான விளம்பரத்தை அங்கே வைக்கிறது. வாசகன் அதை அழுத்தினால் எழுதியவனுக்குச் சில காசுகள். பிரபு இல்லை, புத்தக வியாபாரி இல்லை, ஆசிரியர் இல்லை. யாருடைய தாட்சண்யமும் இல்லாமல் எழுதிப் பிழைக்கலாம் என்று அப்போது நம்பியவர்களை நான் பரிகசிக்க மாட்டேன்.

ஸால்ட் லேக் ஸிட்டியின் ஹெதர் ஆர்ம்ஸ்ட்ராங் 2001இல் ‘டூஸ்’ என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். அலுவலகத்தைப் பற்றி எழுதியதற்காக 2002இல் வேலை போயிற்று. வலைப்பதிவால் வேலை இழப்பதற்கே அவருடைய தளத்தின் பெயர் ஒரு வினைச்சொல்லாக ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. பிறகு தாய்மையை, பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வை, வீட்டைப் பற்றி எழுதினார். கூச்சமில்லாத, சிரிப்பு வரவழைக்கிற நடை. விளம்பர வருமானத்தில் குடும்பமே நடந்தது; 2005இல் கணவரும் வேலையை விட்டார். 2011இல் நியூயார்க் டைம்ஸ் வாரமலர் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் இருந்த விளம்பரம் காலப்போக்கில் எழுத்துக்குள் வந்தது. ஒரு பொருளைக் குடும்பம் பயன்படுத்துவது போன்ற அனுபவத்தை உண்டாக்கி அதை எழுத வேண்டும். குழந்தைகளும் அதில் இருக்க வேண்டும். இது ஒவ்வாமல் 2015இல் முழுநேர எழுத்திலிருந்து விலகினார். 2023 மே மாதம் 47ஆம் வயதில் இறந்தார். வெகுகாலம் நோயோடு போராடியவர். அவர் மரணத்தை என் வாதத்துக்கு ஆதாரமாக்க நான் விரும்பவில்லை. அவர் எழுத்தில் நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். முதலில் வாழ்ந்ததை எழுதினார். பின்னர் எழுதுவதற்காக வாழச் சொன்னார்கள்.

இதன் கடைசிப் படியில் தனி மனிதர்களும் இல்லை. ‘டிமாண்ட் மீடியா’ என்ற நிறுவனம், ஜனங்கள் தேடுபொறியில் எதைத் தட்டச்சு செய்கிறார்கள் என்று கணக்கிட்டு, அதையே தலைப்பாக்கி, தலைப்புக்குச் சுமார் 15 டாலர் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு எழுதக் கொடுத்தது. 2011 ஜனவரியில் பங்குச்சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே கூகுள் தன் தேடல் முறையை மாற்றி, இப்படிப்பட்ட பக்கங்களைக் கீழே தள்ள ஆரம்பித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கிரப் தெருக் கூலி எழுத்தாளனுக்குக் குறைந்தபட்சம் தன்னை ஏய்க்கிற வியாபாரியின் முகம் தெரியும்.

6

என் கதை இந்தக் காலத்தது. கல்லூரிக் கடைசி வருஷத்தில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் ஆங்கில வலைப்பதிவு ஒன்று ஆரம்பித்தேன். முதலில் எழுதியது ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையில் பேசும் குரல்களைப் பற்றி. மூன்று வாரம் எழுதினேன். நாற்பது பேர் பார்த்தார்கள். அதில் பத்துப் பேர் என் வகுப்பு. பிறகு ஒரு நண்பன் யோசனை சொன்னான். அதே கவிதையின் சுருக்கத்தைப் பத்து அம்சங்களாக, தேர்வில் எழுதத் தக்கபடி, மாணவன் எந்த வார்த்தைகளைத் தேடுவானோ அதே வார்த்தைகளில் தலைப்பிட்டு எழுதினேன். இரண்டு மணி நேர வேலை. ஏப்ரலிலும் நவம்பரிலும், செமஸ்டர் தேர்வு மாதங்களில், தினம் நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். என் வாழ்நாளில் அதிகம் பேர் வாசித்த எழுத்து அதுதான்.

நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய். அம்மாவிடம் கொடுத்தேன். எழுதி வந்த பணம் என்றேன். எதை எழுதி என்று அவள் கேட்டாள், பாடம் என்றேன்.

அந்தப் பத்து அம்சங்களுக்காக நான் வெட்கப்படவில்லை. யாரோ சிலர் அதனால் தேர்வில் ஜெயித்திருப்பார்கள். எனக்குப் புரிந்தது வேறு. அந்த மாணவன் கவிதையைத் தேடி வரவில்லை; கவிதையிலிருந்து தப்பிக்க வழி தேடி வந்தான். நான் அவனுக்கு வழி செய்து கொடுத்ததற்குத்தான் கூலி. கொஞ்ச நாளில், வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் மனம் பத்து அம்சங்களாகப் பிரித்துக்கொண்டு வந்து நின்றது. முதல் வாக்கியத்தில் தேடுசொல் இருக்கிறதா என்று கண் பார்த்தது. புரவலனுக்கு எழுதியவனின் வாக்கியம் குனிந்தது. கையொப்பக்காரர்களுக்கு எழுதியவனின் வாக்கியம் அவர்களைத் தெரிந்தவர்களாகப் பாவித்தது. என் வாக்கியம் ஒரு கேள்விக்கு விடையாக மட்டும் இருந்தது. எதிரே மனிதன் இல்லை, அவன் தட்டச்சு செய்த நான்கு சொற்கள் இருந்தன. குமாஸ்தா நியமன உத்தரவு வந்ததும் வலைப்பதிவை அப்படியே விட்டுவிட்டேன். இன்று அந்த வேலைக்கு நானும் தேவையில்லை. 2024 முதல் தேடுபொறியே சுருக்கத்தை எழுதிக் காட்டிவிடுகிறது. மாணவன் யார் பக்கத்துக்கும் போக வேண்டியதில்லை.

7

விளம்பரத்தை விட்டு வாசகனிடமே திரும்பிப் போனால் என்ன என்பதற்கு ஆன்ட்ரூ ஸல்லிவன் பதில். 2000த்தில் ஆரம்பித்த ‘டிஷ்’ என்ற அரசியல் வலைப்பதிவைப் பல பெரிய பத்திரிகைகளின் நிழலில் நடத்திவிட்டு, 2013இல் சுதந்திரமாக வெளியே வந்தார். விளம்பரம் கிடையாது. வருஷச் சந்தா 19.99 டாலர். முப்பதாயிரம் பேர் சந்தா கட்டினார்கள். இதைவிடப் பெரிய வெற்றியைப் போப்கூடக் கண்டதில்லை. இரண்டே வருஷத்தில், 2015 பிப்ரவரியில், நிறுத்திவிட்டார். காரணம் பணம் இல்லை, உடம்பு. நாளுக்குப் பல பதிவுகள், வார இறுதியிலும். கட்டியவன் காத்திருக்கிறான், எழுதாமல் இருக்க உரிமை இல்லை. தான் மனிதனாக இருப்பதையே மறந்துபோனதாக அடுத்த வருஷம் கட்டுரை எழுதினார். 2020இல் மறுபடி தொடங்கியபோது அதை வார இதழாக்கிக்கொண்டார். முந்நூறு வருஷம் சுற்றி, ஜான்ஸனின் தாளைவிட மெதுவான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

8

தமிழில் இந்தச் சரித்திரம் நடக்கவே இல்லை. 2003ஐ ஒட்டித் தமிழில் வலைப்பதிவுகள் எழுத ஆரம்பித்தார்கள். 2004இல் ‘தமிழ்மணம்’ திரட்டி வந்தது. நல்ல எழுத்து வந்தது, சண்டையும் வந்தது, சிலர் புத்தகம் போட்டார்கள். பிறகு எல்லாரும் முகநூலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆட்ஸென்ஸ் தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றது 2018 பிப்ரவரியில். சந்தை கூடும்போது வியாபாரிகள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். ஆக, தமிழ் வலைப்பதிவர்கள் பணம் வாங்காமல் எழுதியதற்குப் பெரிய லட்சியம் காரணமில்லை. கொடுக்க ஆளில்லை. நம் சிறுபத்திரிகையின் துறவையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டாமென்று மறுத்தவன் துறவி. யாரும் நீட்டாத பணத்தை நாம் எப்போது மறுத்தோம்?

நம்முடைய புரவலர் சம்பளம். நல்ல புரவலர்தான். என் வாக்கியத்தில் அது தலையிடுவதில்லை. பகலின் நல்ல நேரத்தை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. யாரும் நமக்குப் பணம் தராததால் நாம் யாரையும் பார்த்து எழுதுவதில்லை. புரியவில்லை என்று ஒரு வாசகன் சொன்னால், அது அவன் குறை. இதழ் மூன்று மாதம் தாமதமாக வந்தால், அது நம் தூய்மைக்கு அடையாளம். ராம்ப்ளருக்கும் ஐந்நூறுக்குக் குறைந்த வாசகர்கள்தான், நமக்கும் அவ்வளவுதான். ஜான்ஸனுக்கு அந்த ஐந்நூறு பேர் தேவைப்பட்டார்கள். நமக்கு நம்முடைய ஐந்நூறு பேர் தேவைப்படவில்லை. நம் விமர்சன நடையில் ஏறியிருக்கும் இறுக்கத்துக்கு மேல்நாட்டுத் தத்துவங்களைக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு மாதச் சம்பளமும் ஒரு காரணமாகத் தெரிகிறது.

இதனால் எல்லாரும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானும் விடப் போவதில்லை, வீட்டுக்கடன் இருக்கிறது. விளம்பரம் வாக்கியத்தை என்ன செய்யும் என்பதைப் பார்த்துவிட்டேன். ஆனால் கையொப்பம் போட்டவன் எழுதுகிறவனுக்குக் கொடுப்பது பணம் மட்டுமல்ல என்பது போப்பிலிருந்து காட்கி வரை தெரிகிறது. இன்னார் காத்திருக்கிறார் என்ற செய்தியையும் அவன் கொடுக்கிறான். அது அளவோடு இருந்தால் வாக்கியத்துக்கு நல்லது.

இந்தப் பத்திரிகைக்கு நான் மூன்று வருஷமாக எழுதுகிறேன். மூன்று வருஷமாகச் சந்தா கட்டவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. எழுதுகிறவன் கட்ட வேண்டியதில்லை என்று நம்மிடையே ஓர் எழுதாத விதி. கட்டுரையோடு பாக்கியை அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சன்மானம் வேண்டாம். ஒவ்வோர் இதழின் பின்னட்டையிலும், இந்த இதழுக்குச் சந்தா கட்டியவர்கள் இத்தனை பேர் என்று எண்ணை மட்டும் அச்சிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். எண் சிறியதாக இருக்கும் என்று தெரியும். எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொண்டு எழுதலாம்.